ஆம்பூர்ப் பந்தியில் நம் அரிசிக்கு இடம் உண்டா?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 'சப்பர் கிளப்' என்று ஒரு வழக்கம் உண்டு. சாலையோரத்தில் ஒரு குடும்பமே நடத்தும் சாப்பாட்டுக் கடை. வாரக் கடைசியில் சுற்றுவட்டாரத்து மக்கள் குடும்பத்தோடு போய், நிதானமாக உட்கார்ந்து சாப்பிட்டுப் பேசிவிட்டுத் திரும்புவார்கள். நம் வேலூர்ப் பக்கத்துக்கு இது புதிதில்லை. சத்துவாச்சாரியில் சனிக்கிழமை சாயங்காலம் "வெளியே சாப்பிடலாமா" என்று பேச்சு எழுந்தால், பல வீடுகளில் வண்டி பெங்களூர் சாலையில் ஆம்பூரை நோக்கித்தான் திரும்பும். ஏறக்குறைய 50 கிலோமீட்டர்.

ஆம்பூரில் பிரியாணி குடும்பத் தொழில். 1890-இல் தொடங்கியதாகச் சொல்லும் ஸ்டார் பிரியாணி தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தில் வருவது. ஆற்காடு நவாபின் சமையற்கட்டிலிருந்து வந்த கைப்பக்குவம் என்பது ஊர்ப் பேச்சு. இங்கே பாஸ்மதிக்கு வேலை இல்லை, சீரகச் சம்பாதான். மிளகாய்த்தூளுக்குப் பதில் காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுது. அரிசியைத் தனியே அரைவேக்காட்டில் வடித்து, வெந்த கறியோடு சேர்த்து, விறகடுப்பில் தம் போடுவார்கள். தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய்த் தொக்கும் வெங்காயத் தயிர்ப் பச்சடியும்.

உழவன் கண்ணால் அந்த இலையைப் பாருங்கள். அரிசி, மிளகாய், கத்திரி, வெங்காயம், தயிர், ஆடு, அடுப்பு விறகு உட்பட எல்லாம் நிலத்திலிருந்து வருவதுதான். ஆனால் நம்மில் எத்தனை பேரின் விளைச்சல் அங்கே போகிறது?

போன மாதம் மகள், மருமகன், பேரப் பிள்ளைகளோடு ஒரு சின்னக் கடைக்குப் போயிருந்தோம். தாத்தா ஆரம்பித்த கடை. அப்பா கல்லாவில், பையன் தேக்சா பக்கத்தில். இஞ்சி பூண்டு உரிப்பது வீட்டுப் பெண்கள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, கல்லாவில் இருந்தவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"பாய், அரிசி எங்கேருந்து வருது?"

"மண்டியில எடுக்கறோம் சார். ஒரு வருஷப் பழசு."

"நான் அணைக்கட்டுப் பக்கம் மருந்து உரம் இல்லாம சீரகச் சம்பா வைக்கிறேன். எடுத்துப்பீங்களா?"

அவர் சிரித்தார். "உங்கள மாதிரி ரெண்டு பேரு வந்தாங்க சார். தை மாசம் அறுத்து மாசியில கொண்டாந்தாங்க. வாசனை நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா தேக்சாவுல குழைஞ்சுடுச்சு. ஒரு தேக்சா போச்சுன்னா அன்னிக்கு வியாபாரமே போச்சு. பழசாக்கி, வருஷம் பூரா ஒரே மாதிரி குடுங்க. நான் எடுத்துக்கறேன்."

நஞ்சில்லாதது என்று நாம் சொல்வது அவருக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவருக்கு முதலில் வேண்டியது உதிரி உதிரியாக நிற்கும் சோறு. புது அரிசியில் பிசுபிசுப்பு அதிகம். மாதங்கள் போகப் போக அரிசி இறுகி, அதிகத் தண்ணீர் குடித்தும் ஒட்டாமல் நிற்கும். அதனால் அரிசியாக அரைத்து வைக்காமல் நெல்லாகவே வைத்துப் பழசாக்க வேண்டும். ஈரப்பதம் 12, 13 சதவீதத்துக்குக் காயவைத்து, தரையில் படாமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்கி, நடுநடுவே நொச்சி, வேப்பிலை போட்டால் பூச்சி அண்டாது. கேட்கும்போது கேட்கும் அளவுக்கு அரைத்துக் கொள்ளலாம்.

"அறுத்த கூலி யார் கொடுப்பது, அடகு நகையை எப்படி மீட்பது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வங்கியில் இருந்த வருஷங்களில் அறுவடை முடிந்த கையோடு கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு வந்து கடன் கட்டியவர்களை நிறையப் பார்த்தேன். இதற்காகத்தான் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் பொருளீட்டுக் கடன் இருக்கிறது. 2007-ஆம் ஆண்டுக் கிடங்குச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற கிடங்கில் நெல்லை வைத்து, ரசீதைக் காட்டி வங்கியிலும் கடன் வாங்கலாம். தனியாளுக்கு அலைச்சல் அதிகம். ஐந்தாறு பேர் சேர்ந்தால் சுலபம். 'வருஷம் பூரா ஒரே மாதிரி' என்ற பாயின் நிபந்தனையும் அப்போதுதான் நிறைவேறும்.

கத்திரிக்கு இந்தக் காத்திருப்பும் இல்லை. வேலூர் முள்ளுக் கத்திரிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இலவம்பாடிக் காய் என்றால் இங்கே சந்தையில் தனி மதிப்பு. காய்த்துளைப்பானுக்கு வாடிய குருத்தைக் கிள்ளி அழித்து, இனக்கவர்ச்சிப் பொறி வைத்து, வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்தாலே பெருமளவு அடங்கும். தினமும் தொக்கு கிண்டும் கடைகளுக்குத் தினமும் காய் வேண்டும்.

இதில் வியாபாரத்தைத் தாண்டிய ஒன்றும் இருக்கிறது. ஆம்பூரை வளர்த்தது தோல். பாலாற்றுப் படுகையைக் கெடுத்ததும் தோல் கழிவுதான். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. தோல் பட்டறை வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாக அதில் பதிவாகி இருக்கிறது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை நாட்டுக்குச் சொன்ன வழக்கு அது. ஆனாலும் உப்பேறிய கிணறு தீர்ப்பால் இனித்துவிடாது.

அதனால் நல்ல தண்ணீர் இன்னும் மிச்சமிருக்கும் வயல்கள் நமக்கு முக்கியம். அவற்றுக்குக் கட்டுப்படியான விலை வராவிட்டால் அடுத்து மனைக்கல்தான் நடுவார்கள். ஐம்பது கிலோமீட்டருக்குள் இத்தனை தேக்சாக்கள் தினமும் கொதிக்கும்போது, நம் சீரகச் சம்பா சென்னை அங்காடிக்குப் பொட்டலமாகப் போய்த்தான் விலை தேட வேண்டும் என்று என்ன கட்டாயம்?

என் தை அறுவடையில் பத்து மூட்டையை விற்காமல் வைத்திருக்கிறேன். அணைக்கட்டு, குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கத்தில் சீரகச் சம்பா வைத்திருப்பவர்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஆளுக்கு ஐந்து கிலோ மாதிரி கொண்டு வாருங்கள். வடித்துப் பார்ப்போம். தேறியதைச் சேர்த்து எடுத்துக்கொண்டு போய் விலை பேசுவோம்.