சொல்லுக்கு ஐம்பது பைசா

வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகு கிடைக்கும் இரண்டு மணி நேரம், கையில் ஒரு மடிக்கணினி, கொஞ்சம் எழுத்தார்வம். இவை இருந்தால் இணையத் தளங்களுக்குக் கட்டுரை எழுதி மாதாமாதம் கூடுதலாகச் சம்பாதிக்கலாம் என்ற விளம்பரங்களை நாம் தினமும் பார்க்கிறோம். பள்ளி ஆசிரியர்கள், குழந்தை வளர்ப்புக்காக வேலையை விட்ட பட்டதாரிப் பெண்கள், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்கள், கல்லூரி மாணவர்கள் என்று பலரும் இதை நம்பி இறங்குகிறார்கள். அந்த நம்பிக்கையில் தவறில்லை. எழுத்துக்குக் காசு உண்டு. ஆனால் எந்த எழுத்துக்கு, யாரிடமிருந்து, எந்த உரிமையை விட்டுக்கொடுத்து அந்தக் காசு வருகிறது என்பதைக் கவனிக்காமல் இறங்குகிறவர்கள் சில மாதங்களில் சோர்ந்துபோய் நிறுத்திவிடுகிறார்கள். கட்டுரைகளை மூட்டைக் கணக்கில் வாங்கும் தளத்துக்கு எழுதுவதில் துணை வருமானம் நிலைக்காது. தனக்கு மட்டுமே தெரிந்த ஒன்றை, உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு எழுதினால் நிலைக்கும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். இந்தத் துறையின் இருபது ஆண்டு வரலாறே அதற்குச் சான்று.

அமெரிக்காவில் 2006ல் டிமாண்ட் மீடியா என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. 'எப்படிச் செய்வது' வகைக் கட்டுரைகளைக் குவித்துவைத்த ஈஹௌ என்ற தளம் அதன் கையில் இருந்தது. கட்டுரைக்கான தலைப்பை அங்கே ஆசிரியர் குழு யோசிப்பதில்லை. மக்கள் தேடுபொறியில் எதைத் தேடுகிறார்கள், அந்தச் சொற்களுக்கு விளம்பரதாரர்கள் என்ன விலை தருகிறார்கள், அதே பொருளில் ஏற்கெனவே எத்தனை பக்கங்கள் இருக்கின்றன என்ற மூன்றையும் கணினி நிரல் கூட்டிக்கழித்துத் தலைப்பைத் தயாரிக்கும். எழுத்தாளர் அந்தப் பட்டியலிலிருந்து ஒன்றை எடுத்து எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு கட்டுரைக்கு சுமார் 15 டாலர். அதைத் திருத்துகிறவருக்கு இரண்டரை டாலர் என்று 2009ல் வயர்ட் இதழ் விரிவாக எழுதியது. பதினைந்து டாலர் என்றால் நம் காதுக்கு நல்ல தொகையாகப் படும். அந்தக் கட்டுரைக்கு இரண்டு மணி நேரம் பிடித்தால் மணிக்கு ஏழரை டாலர். அதே 2009ல் அமெரிக்க மத்திய அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். விவரம் தேடிச் சரிபார்த்து மூன்று மணி நேரம் உழைத்தவர் அந்தக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே போய்விட்டார். ஆகவே அங்கே பிழைத்தவர்கள், எதையும் சரிபார்க்காமல் வேகமாக எழுதியவர்கள்தாம். கவனமாக எழுதியவருக்கு அந்தக் கணக்கே தண்டனையாக அமைந்தது.

நிறுவனத்துக்கோ அப்போது கொண்டாட்டம். 2011 ஜனவரியில் டிமாண்ட் மீடியாவின் பங்குகள் நியூயார்க் சந்தைக்கு வந்த முதல் நாளிலேயே அதன் சந்தை மதிப்பு நியூயார்க் டைம்ஸ் நிறுவனத்தின் மதிப்பைத் தாண்டியது. அடுத்த மாதமே கூகுள் தன் தேடல் முறையை மாற்றியது. 'பாண்டா' என்று பெயர்பெற்ற அந்த மாற்றம், தரம் குறைந்த பக்கங்களைத் தேடல் வரிசையில் கீழே தள்ளுவதற்காகவே செய்யப்பட்டது. அமெரிக்கத் தேடல்களில் சுமார் 12 சதவீதத்தின் முடிவுகள் அதனால் மாறின. முதல் சுற்றில் தப்பிய ஈஹௌ அடுத்த சுற்றில் அடிவாங்கியது. நிறுவனம் பிறகு பெயரை மாற்றிக்கொண்டது; 2021ல் வேறொரு நிறுவனம் அதை வாங்கிவிட்டது. தேடுபொறி ஒன்று தன் விதியை மாற்றியதும், ஆயிரக்கணக்கானோரின் பகுதிநேர வருமானம் அவர்கள் எந்தப் பிழையும் செய்யாமலேயே சுருங்கிப்போனது.

இன்னொரு வகைத் தளமும் இருந்தது. முன்பணம் கொஞ்சம், பிறகு எத்தனை பேர் படிக்கிறார்களோ அதற்கேற்பப் பங்கு. 2005ல் தொடங்கிய அசோசியேட்டட் கன்டென்ட் இந்த வழியில் சென்றது. ஆயிரம் பார்வைக்கு ஒன்றரை டாலர் அளவில் அது கொடுத்தது. மாதம் 150 டாலர் வேண்டுமென்றால் ஒரு லட்சம் பார்வை வேண்டும். எழுத்தாளருக்கென்று நிலையான வாசகர் கூட்டம் இல்லை. தேடுபொறி வழியாக வந்து, வேண்டியதைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள்தாம் எல்லோரும். யாஹூ 2010ல் இந்தத் தளத்தை வாங்கியது, யாஹூ வாய்சஸ் என்று பெயர் மாற்றியது, 2014ல் மூடியது. அங்கே பல ஆண்டுகள் எழுதிச் சேர்த்தவர்களுக்குப் பார்வைக்கணக்கில் வந்துகொண்டிருந்த சில்லறையும் அத்துடன் நின்றது. எழுதியவருக்குத் தளத்தின் மேல் எந்தப் பிடிமானமும் இல்லாதபோது இப்படித்தான் முடியும்.

இதெல்லாம் அமெரிக்கக் கதை, தமிழுக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். தமிழில் நிலைமை இதைவிடக் கடினம். கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரச் சேவை 2003ல் வந்தது. தமிழ்ப் பக்கங்களுக்கு அது முறையாகத் திறக்கப்பட்டது 2018 பிப்ரவரியில்தான். அதற்குள் தமிழ் வாசகர் பெரும்பாலும் செல்போனுக்கும் காணொளிக்கும் போய்விட்டார். ஆங்கிலப் பக்கத்துக்குக் கிடைக்கும் விளம்பர விலை தமிழ்ப் பக்கத்துக்குக் கிடைப்பதில்லை. விளம்பரத்தை மட்டும் நம்பியிருக்கும் தளம் எழுத்தாளருக்கு என்ன கொடுக்க முடியும்? சொல்லுக்கு இத்தனை பைசா என்ற கணக்கு இங்கேதான் வருகிறது. சொல்லுக்கு 50 பைசா என்று வைத்துக்கொண்டால் 800 சொல் கட்டுரைக்கு 400 ரூபாய். அதற்கு நான்கு மணி நேரம் உழைத்தால் மணிக்கு நூறு ரூபாய். மின்சாரம், இணையக் கட்டணம், திருப்பி அனுப்பப்பட்ட கட்டுரைகள் ஆகியவற்றைக் கழித்தால் இன்னும் குறையும். மொத்தத்தில் 10,000 ரூபாய் சேர்க்க மாதம் 25 கட்டுரை எழுத வேண்டும். வேலைக்குப் போகிற ஒருவர் மாதம் 25 பொருள்களைப் பற்றிப் புதிதாகச் சொல்ல எதுவும் வைத்திருக்க முடியாது. ஐந்து பக்கங்களைப் பார்த்து ஆறாவது பக்கத்தை எழுதுவார். அவருடைய திறமையைக் குறை சொல்லிப் பயனில்லை; கூலிமுறை அவரை அங்கே தள்ளுகிறது.

இதற்குத் தமிழிலேயே ஒரு பழைய முன்னுதாரணம் உண்டு. 2009 முதல் 2011 வரை கூகுள் ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரைகளைக் கூலிக்கு ஆளமர்த்தித் தமிழில் பெயர்த்துத் தமிழ் விக்கிப்பீடியாவில் ஏற்றியது. நோக்கம் நல்லதுதான். ஆனால் தன்னார்வத்தில் எழுதிவந்த தமிழ் விக்கிப்பீடியர்கள் அந்தக் கட்டுரைகளைப் பார்த்துக் கவலைப்பட்டார்கள். தமிழ் வாசகருக்குத் தேவைப்படாத தலைப்புகள், ஆங்கிலத்தை அப்படியே தூக்கிவைத்த வாக்கியங்கள், திருத்தாமல் விடப்பட்ட பிழைகள். 2010ல் போலந்தில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் இந்தக் குறைகளை அவர்கள் முறையாக எடுத்துவைத்தார்கள். காசு வாங்காமல் எழுதியவர்கள், காசு கொடுத்து எழுதப்பட்டவற்றைச் சுத்தம் செய்ய வேண்டியதாயிற்று. காசு எழுத்தைக் கெடுத்துவிடும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பத்திரிகைச் சன்மானத்தை நம்பி எழுதியவர்கள் தமிழுக்குத் தந்தது கொஞ்சமல்ல. அளவைப் பார்த்து மட்டும் கூலி கொடுத்தால் எழுதுகிறவரும் அளவை மட்டுமே பார்ப்பார் என்பதுதான் இங்கே தெரிகிறது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு இந்த அளவுக் கூலிக்கும் போட்டி வந்துவிட்டது. அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூவர், அப்வொர்க் என்ற பகுதிநேர வேலைத் தளத்தின் தரவுகளை 2023ல் ஆராய்ந்தார்கள். எழுத்து சார்ந்த பணிகளைச் செய்தவர்களுக்குக் கிடைத்த வேலைகள் 2 சதவீதமும், மாத வருமானம் 5.2 சதவீதமும் குறைந்திருந்தன. முன்பு நல்ல மதிப்பெண் வாங்கிய தேர்ந்த எழுத்தாளர்களும் அந்தச் சரிவிலிருந்து தப்பவில்லை என்ற முடிவு எனக்கு முக்கியமாகப் படுகிறது. நன்றாக எழுதினால் போதும் என்று நாம் ஆறுதல் சொல்லிக்கொள்கிறோம். நடையழகு மட்டும் இனி வருமானத்தைக் காப்பாற்றாது என்று அந்த எண்கள் சொல்கின்றன. 2024 மார்ச்சில் கூகுள், மூட்டை மூட்டையாகத் தயாரிக்கப்படும் பக்கங்களுக்கு எதிராக மறுபடியும் விதியை இறுக்கியது. இயந்திரத்தை வைத்து மாதம் நூறு கட்டுரை எழுதிவிடலாம் என்று கணக்குப் போடுகிறவருக்கும் இதில் பதில் இருக்கிறது.

அப்படியானால் எதற்குத்தான் காசு வரும்? எழுதுகிறவர் தன் தொழிலில் கையால் தொட்டுத் தெரிந்துகொண்டதற்கு வரும். வில்லங்கச் சான்றிதழ் வாங்குவது எப்படி என்று நூறு தளங்கள் எழுதியிருக்கின்றன. எந்த இணையப் பக்கத்தைத் திறக்க வேண்டும், எதை அழுத்த வேண்டும் என்ற அளவில் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். பத்திர எழுத்தராக இருப்பவர் வேறு விதமாக எழுதுவார். அந்தச் சான்றிதழில் பதிவுசெய்யப்பட்ட பரிவர்த்தனைகள் மட்டுமே வரும், குடும்பத்துக்குள் வாய்மொழியாக நடந்த பாகப்பிரிவினையோ பதியாத ஒப்பந்தமோ தெரியாது, ஆகவே 'வில்லங்கம் இல்லை' என்று வந்த தாளை மட்டும் நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள், பக்கத்து நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், பட்டாவில் யார் பெயர் இருக்கிறதென்று பாருங்கள் என்று அவருக்குச் சொல்லத் தெரியும். லட்சக்கணக்கில் பணம் போடப்போகிற வாசகருக்கு அந்த ஒரு பத்தி விலைமதிப்புள்ளது. செவிலியர், ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறவர், போர்வெல் மெக்கானிக், விதைக்கடை நடத்துகிறவர், வங்கியில் நகைக்கடன் பிரிவில் இருந்தவர் என்று எல்லோரிடமும் இப்படிப்பட்ட பத்திகள் இருக்கின்றன. பத்திரிகைகள் கேட்பதும், தமிழில் கையேடு வேண்டும் நிறுவனங்கள் தேடுவதும் இத்தகைய ஆட்களைத்தான். மாதம் 25 எழுத முடியாது, இரண்டு எழுதலாம். அந்த இரண்டுக்கும் ஒரு தொகை பேசி வாங்கலாம்.

அந்த இரண்டும் மீண்டும் மீண்டும் உழைக்க வேண்டுமானால் உரிமை எழுதியவரிடம் இருக்க வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 இதில் எழுத்தாளர் பக்கம் நிற்கிறது என்பது பலருக்குத் தெரியாது. சம்பளத்துக்கு வேலை பார்க்காமல் வெளியிலிருந்து எழுதுகிறவரே தன் எழுத்தின் முதல் உரிமையாளர். உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் அது எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று ஒப்பந்தத்தில் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டுக்கு மட்டும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்தப் பரப்பு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். உரிமை மாற்றம் பற்றிய இந்த விதிகளைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு சொல்கிறது. ஒரு தளத்தில் வந்த இருபது கட்டுரைகளைத் திருத்தித் தொகுத்துப் பின்னாளில் மின்னூலாகப் போடலாம். அமேசானின் கிண்டில் பதிப்புச் சேவை 2016 இறுதியில் தமிழுக்கும் திறந்தது. நிபந்தனைகளுக்கேற்ப 35 அல்லது 70 சதவீதம் ஆசிரியருக்கு. கதை எழுதுகிறவர்களுக்குப் பெங்களூரில் 2014ல் தொடங்கிய பிரதிலிபி போன்ற தளங்கள் சந்தா வழியே வருமானம் தருகின்றன. அங்கெல்லாம் போக வேண்டுமானால், முதல் கட்டுரையை அனுப்பும்போதே 'எல்லா உரிமையும் நிரந்தரமாகத் தளத்துக்கே' என்ற வரியை ஏற்காமல் இருந்திருக்க வேண்டும்.

புதிதாக வருகிறவர் எந்த முகத்தோடு பேரம் பேசுவார், கிடைத்ததை வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்பது நியாயமான கேள்வி. பழக்கத்துக்காகச் சில மாதம் குறைந்த சன்மானத்துக்கு எழுதுவதை நானும் தவறென்று சொல்லமாட்டேன். கெடுவுக்குள் முடிப்பது, ஆசிரியர் சொன்ன திருத்தத்தை ஏற்பது, சொல் எண்ணிக்கைக்குள் நிற்பது எல்லாம் எழுதி எழுதித்தான் வரும். ஆனால் தொகையில் விட்டுக்கொடுப்பது வேறு, உரிமையில் விட்டுக்கொடுப்பது வேறு. முன்னது அந்த மாதத்தோடு போகும். பின்னது பத்தாண்டு கழித்தும் கையைக் கட்டும். சிறு தொகையும் குடும்பத்துக்கு உதவுமே என்ற வாதத்தையும் ஒதுக்க முடியாது. பிள்ளையின் டியூஷன் கட்டணத்துக்கு ஆயிரம் ரூபாய் வந்தாலும் அது காசுதான். அதே நேரத்தில் டியூஷன் எடுத்தாலோ தையல் வேலை செய்தாலோ என்ன கிடைக்கும் என்று ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுத்தால் போதும். வேலையை விட்டுவிட்டு முழுநேரம் இறங்க நினைப்பவர் பிரிட்டன் நிலவரத்தைப் பார்க்கட்டும்: எழுத்தையே முதன்மைத் தொழிலாகக் கொண்டவர்களின் நடுமட்ட ஆண்டு வருமானம் 2006ல் 12,330 பவுண்டாக இருந்தது, 2022ல் 7,000 பவுண்டாகக் குறைந்துவிட்டதென்று அங்குள்ள எழுத்தாளர் அமைப்பின் ஆய்வு சொல்கிறது. வாசகர் சந்தை அவ்வளவு பெரிய ஆங்கிலத்திலேயே இப்படி.

இந்தத் துறையின் ஓரத்தில் நடக்கும் மோசடியையும் சொல்லியாக வேண்டும். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், வைப்புத்தொகை என்று எழுதுகிறவரிடமே பணம் கேட்டால் அது வேலை தரும் இடம் கிடையாது. இன்னொரு வகை இன்னும் கொடியது: பணம் கேட்காமல் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள், முடிக்கவே முடியாத கெடுவும் 90 சதவீதத்துக்கு மேல் துல்லியமும் கேட்பார்கள், பிறகு ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள் என்று வழக்கறிஞர் பெயரில் நோட்டீஸ் அனுப்பி ஆயிரக்கணக்கில் அபராதம் கேட்பார்கள். பயந்து கட்டுகிறவர்களில் வீட்டிலிருந்து வேலை தேடிய பெண்களும் மாணவர்களும் அதிகம். பணம் அனுப்ப வேண்டாம். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

தமிழில் தளம் நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வருமானம் குறைவு என்பது உண்மைதான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு கட்டுரைக்கு என்ன சன்மானம், எத்தனை நாளில் கைக்கு வரும், வெளியான பிறகு உரிமை எத்தனை ஆண்டுக்கு உங்களிடம் இருக்கும் என்ற மூன்றையும், எழுத அழைக்கும் பக்கத்திலேயே தமிழில் போடுங்கள்.