சிவந்த மரமும் பச்சை மரமும்

கனடா தேசத்தின் மேற்கு எல்லையிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், ஆண்டு முழுவதும் பசுமை மாறாது விளங்கிய பைன் வனங்கள், 1990-களின் பிற்பகுதி முதற்கொண்டு திட்டுத் திட்டாகச் சிவந்து, பின்னர் சாம்பல் நிறமெய்தி, ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் ஹெக்டேர் பரப்பில் நாசமுற்றமைக்கு, அரிசிமணியளவே உள்ள ஒரு கரிய வண்டுதான் காரணம் என்றால் நம்புவது கடினமே. மலைப் பைன் வண்டு என்பது அதன் பெயர்.

கோடையில் பறந்து வரும் பெண் வண்டு முதலில் பட்டையைத் துளைக்கும்போது, மரம் துவாரத்தின் வழியே பிசினைப் பெருக்கி, அந்தச் சத்துருவை வெளியே தள்ளவோ மூழ்கடிக்கவோ பிரயத்தனம் செய்கிறது. ஆனால் வண்டோ, தான் உண்ட பிசினின் அம்சத்தையே வாசனையாக மாற்றித் தன் இனத்தைக் கூவியழைக்க, ஆயிரக்கணக்கில் திரண்டு வரும் கூட்டத்தின் முன் பிசின் வற்றிவிடுகிறது. வண்டுகள் உடன் கொணரும் பூஞ்சை நீரோட்டத்தை அடைக்க, புழுக்கள் உட்பட்டையைத் தின்று தீர்க்க, மரம் மாள்கிறது.

இங்கேதான் கவனிக்கத்தக்க ரகசியம் இருக்கிறது. இக்கோடையில் வீழ்த்தப்பட்ட மரம் அடுத்த ஆண்டுதான் சிவக்கிறது; அதற்குள் இளவண்டுகள் வெளியேறத் தொடங்கி, அருகிலுள்ள பச்சை மரங்களை நாடிச் சென்றுவிடுகின்றன. ஆதலால் வனக்காவலர், ஆகாய மார்க்கமாகச் சிவந்த மரங்களைக் குறித்துக்கொண்டு, பிறகு கால்நடையாகச் சென்று, அவற்றைச் சூழ்ந்த பச்சை மரங்களில் பிசின் கட்டிகளையும், அடிமரத்தில் உதிர்ந்த மரத்தூளையும் தேடி, அத்தகைய மரங்களை அடுத்த கோடைக்கு முன்பே வெட்டி எரிக்கிறார்கள். அழைக்கும் வாசனையைப் பொறியாக வைத்து, வெட்டவிருக்கும் மரங்களில் வண்டுகளைக் குவிப்பதும், 'இங்கே இடமில்லை' என்று அவை தமக்குள் அறிவிக்கும் வெர்பினோன் எனும் வாசனையைப் பைகளில் இட்டு மரங்களில் தொங்கவிடுவதும் வேறு உபாயங்கள்.

எனினும், வண்டின் தொகை சிறிதாயிருக்கும்வரையில்தான் இவை பலிக்கும். அத்தொகையோ பெருகிவிட்டது. முற்காலத்தில் பூஜ்யத்திற்குக் கீழே 40 டிகிரி வரை இறங்கும் குளிர், உடலில் கிளிசரால் சேர்த்துக் குளிரைத் தாங்கும் புழுக்களையும் கொன்று வந்தது; பின்னர் அக்குளிர் தணிந்தது. காட்டுத்தீயை நெடுங்காலம் அணைத்து வந்ததன் பயனாக, 80 ஆண்டுக்கு மேற்பட்ட ஒரே வயது மரங்கள் எங்கும் நெருங்கி நின்று வண்டுக்கு விருந்தாயின. 2006-இல் அது ராக்கி மலைத்தொடரைத் தாண்டிக் காற்றோடு ஆல்பர்ட்டா மாகாணத்தில் பெருந்திரளாக இறங்கி, கிழக்கே அட்லாண்டிக் கரைவரை பரவியுள்ள ஜாக் பைன் இனத்தையும் பிற்பாடு பற்றியது. ஆல்பர்ட்டாவில் மரம் மரமாகத் தேடியழித்த உழைப்புடன், 2019-இன் கடுங்குளிரும் சேர்ந்த பிறகே வேகம் தணிந்தது.

வண்டு பிரிட்டிஷ் கொலம்பியா வனத்தின் ஆதிகாலப் பிரஜை. அளவோடிருக்கையில் நலிந்த முதுமரங்களை வீழ்த்தி, இளங்கன்றுகளுக்கு வெளிச்சம் தருவதும் அதுவே. ஆகவே அதனை நிர்மூலமாக்குவது நம் லட்சியமாகாது. பல வயதும் பல இனமும் கலந்து, நெருக்கம் தளர்ந்து, தன் பிசினாலேயே தன்னைக் காத்துக்கொள்ளும் வலிமை மிக்க வனத்தை வளர்ப்பதே நிரந்தரப் பரிகாரம். சிவந்த மரத்தைக் கண்டு வருந்துவதோடு நில்லாமல், அதன் அருகே பசுமையாய் நிற்கும் மரத்தின் பட்டையைத் தொட்டுப் பார்ப்பவனே வனத்தைக் காப்பவன்.