மழை தெளிந்தாலும் மண் தெளிய நாளாகும்

மழையை அல்லாஹ்வின் ரஹ்மத் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த ரஹ்மத்தில் மனிதன் அமிலத்தைக் கலந்துவிட்டுப் பின்பு நிறுத்திக்கொண்டால், காடும் ஓடையும் உடனே பழைய நிலைக்குத் திரும்புமா? மஸ்கெலியாவில் பிறந்த எனக்கு இது தூரத்துக் கேள்வி அல்ல. பாவா ஆதம் மலைக் காடுகளிலிருந்து இறங்கும் ஓடைகள் மஸ்கெலி ஓயாவாகி மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தை நிரப்புகின்றன. அந்த ஓயா கெஹெல்கமு ஓயாவுடன் சேர்ந்து களனி கங்கையாகிறது. அம்பத்தலையில் சுத்திகரிக்கப்பட்டுக் கொழும்பு வீடுகளுக்குக் குழாயில் போவதும் அந்தக் கங்கை நீர்தான்.

தூய மழைநீரும் சிறிது அமிலத்தன்மை உடையதே. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு கரைவதால் அதன் பீஎச் பெறுமானம் ஏறத்தாழ 5.6 ஆக இருக்கும். நிலக்கரியும் எண்ணெயும் எரியும்போது கந்தகவீரொட்சைட்டும் நைதரசன் ஒட்சைட்டுகளும் வெளிவருகின்றன. இவை காற்றில் அமிலங்களாக மாறி மழையில் கலந்தால் பீஎச் இன்னும் இறங்கும். ஒன்று இறங்கினால் அமிலம் பத்து மடங்கு கூடியது என்று பொருள்.

அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயரில் உள்ள ஹப்பர்ட் புரூக் காட்டில், 1963 முதல் ஜீன் லைக்கன்ஸ், ஹேர்பர்ட் போர்மன் முதலிய விஞ்ஞானிகள் பெய்யும் மழையையும் ஓடையில் வெளியேறும் நீரையும் வரவுசெலவுக் கணக்குப்போல அளந்து வந்தனர். அங்கே மழையின் பீஎச் 4ஐ நெருங்கியிருந்தது. அமெரிக்கா 1970லும் 1990லும் சட்டங்களால் புகையைக் கட்டுப்படுத்தியபின் மழை தெளியத் தொடங்கியது. ஓடை மட்டும் அந்த வேகத்தில் தேறவில்லை. அதன் காரணத்தை லைக்கன்ஸ் குழுவினர் 1996இல் வெளியிட்டனர்.

காரணம் மண்ணில் இருந்தது. கல்சியமும் மகனீசியமும் மண்துகள்களில் ஒட்டியிருக்கும். அமிலத்தின் ஐதரசன் அயன்கள் அந்த இடங்களைப் பிடித்துக்கொள்ள, கல்சியம் கழன்று சல்பேற்றோடு ஓடையில் போய்விடும். ஆரம்பத்தில் மண் இப்படித் தன் சேமிப்பைக் கொடுத்தே ஓடையைக் காக்கிறது. சேமிப்புக் குறைந்ததும் அலுமினியம் கரைந்து வருகிறது. அது வேரைக் கெடுக்கும். மீனின் செவுளை அடைக்கும். மழை தெளிந்தபின்னும் மண்ணில் தங்கிய சல்பேற்று மெதுவாகவே வெளியேறும். இழந்த கல்சியமோ பெரும்பாலும் பாறை கரைந்துதான் திரும்ப வரவேண்டும். அதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும்.

இதைச் சோதிக்க, 1999 ஒக்டோபரில் சுமார் 12 ஹெக்டேயர் நீரேந்து பகுதியில் கல்சியம் கலந்த கனிமத்தை ஹெலிகொப்டரால் தூவினார்கள். ஓடையின் அமிலம் தணிந்தது. மேப்பிள் மரங்கள் தழைத்தன. தழைத்த மரங்கள் கூடுதலாக நீரை உறிஞ்சியதால் சில ஆண்டுகள் ஓடையில் நீரோட்டம் குறைந்தது.

தோட்டத்து மக்களுக்கு இந்த வைத்தியம் புதிதல்ல. தேயிலை அமில மண்ணை விரும்பும் செடிதான். ஆனாலும் அமோனியம் சல்பேற்று, யூரியா போன்ற உரங்கள் மண்ணை அளவுக்கு மீறி அமிலமாக்கும். கவ்வாத்து வெட்டிய மலையில் டொலமைட் போடுவது அதற்காகத்தான். அதில் இருப்பதும் கல்சியமும் மகனீசியமுமே.

ஆனால் மலை உச்சிக் காட்டுக்கு டொலமைட் போடுபவர் யார்? மரம் வேரால் கல்சியத்தை எடுக்கிறது. சருகாக உதிர்த்து மண்ணுக்கே திருப்பிக் கொடுக்கிறது. ஹப்பர்ட் புரூக்கில் 1965இன் இறுதியில் ஒரு பகுதி மரங்களை வெட்டிப் பார்த்தபோது கல்சியமும் நைத்திரேற்றும் ஓடையில் பெருமளவில் வெளியேறின. ஆகவே காட்டைக் காப்பது மண்ணின் சேமிப்பைக் காப்பதாகும்.

நம் நாட்டிலும் 2011 முதல் நுரைச்சோலையில் மின்சாரத்துக்காக நிலக்கரி எரிகிறது. நம் மலையின் மழையையும் ஓடையையும் இப்போதே அளந்து எழுதி வைத்தால்தான், பின்னாளில் ஏதும் மாறினால் அது தெரியவரும். சகோதரிகளே, பாடசாலை ஆய்வுகூடத்தில் உள்ள பீஎச் தாளும் ஒரு கொப்பியும் இதைத் தொடங்கப் போதும். மாதம் ஒருமுறை ஒரே ஓடையில், ஒரே இடத்தில் அளக்க வேண்டும். நமக்குப் பின் வருபவர்கள் அந்தக் கொப்பியைத் தொடரட்டும். கொழும்பு வரை குடிக்கும் நீர் நம் மலையில் பிறக்கிறது; அது நம்மிடம் உள்ள அமானிதம்.