உங்களுக்குத் தெரியுமா? பார்த்து எழுதிப் பழகிய மேதைகள்

எழுத்து பிறவியிலேயே வர வேண்டும், பழகி வராது என்று அடிக்கடி சொல்கிறார்கள். பெரிய எழுத்தாளர்கள் தங்கள் இளமையைப் பற்றி எழுதிவைத்ததைப் படித்தால் வேறு சங்கதி தெரிகிறது. அவர்களில் பலர் முன்னோடிகளின் பக்கங்களைப் பிரித்துப் பார்த்து, மூடிவைத்து, திரும்ப எழுதித்தான் இந்தத் தொழிலைக் கற்றிருக்கிறார்கள்.

● பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பள்ளிக்கூடம் போனது ஏறத்தாழ இரண்டே ஆண்டுகள். 12 வயதில் பாஸ்டன் நகரில் அண்ணன் ஜேம்ஸின் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். நண்பன் ஒருவனோடு அவர் நடத்திய கடித விவாதம் தற்செயலாக அப்பாவின் கண்ணில் பட்டது. எழுத்துப்பிழை இல்லை, நிறுத்தக்குறிகளும் சரி. ஆனால் நடையழகு, தெளிவு, கோவை மூன்றிலும் நண்பனே மேல் என்று அப்பா இடம் சுட்டிக் காட்டினார். பையன் அதை மனதில் வாங்கிக்கொண்டான். லண்டனில் அடிசனும் ஸ்டீலும் நடத்திய ‘ஸ்பெக்டேட்டர்’ இதழின் தொகுதி ஒன்று அந்தச் சமயத்தில் கைக்குக் கிடைத்தது. அதுவே வாத்தியார் ஆனது.

அவர் செய்தது இதுதான். ஒரு கட்டுரையை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்துக்கும் சிறு குறிப்பு எழுதிக்கொள்வார். சில நாள் அதைத் தொட மாட்டார். பிறகு புத்தகத்தைப் பார்க்காமல், குறிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு கட்டுரை முழுவதையும் தன் சொற்களில் எழுதுவார். கடைசியில் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவார். இப்படிச் செய்தபோது தன்னிடம் சொல்வளம் குறைவு என்று தெரியவந்தது. உடனே சில கதைகளைச் செய்யுளாக மாற்ற ஆரம்பித்தார். அளவுக்கும் ஓசைக்கும் பொருந்த ஒரே பொருளுக்கு வேறு வேறு சொல் தேட வேண்டியிருக்கும் அல்லவா? மூல உரைநடை நன்றாக மறந்தபின், அந்தச் செய்யுளை மறுபடி உரைநடை ஆக்கினார். சில சமயம் குறிப்புகளைக் கலைத்துப்போட்டுவிட்டு, சில வாரம் கழித்து அவற்றைச் சரியான வரிசைக்குக் கொண்டுவந்தார். எதை முதலில் சொல்வது, எதைப் பின்னால் நிறுத்துவது என்பதை இந்தக் கடைசிப் பயிற்சி சொல்லிக்கொடுத்தது. இன்று எழுதவருகிறவர்களுக்கு மிகவும் தேவைப்படுவது இதுதான் என்பது என் எண்ணம். நல்ல வாக்கியங்கள் பலருக்கு வருகின்றன, வரிசைதான் வருவதில்லை.

இதற்கெல்லாம் நேரம்? வேலை முடிந்த இரவு, வேலை தொடங்குமுன் அதிகாலை, ஞாயிற்றுக்கிழமை. புத்தகம் வாங்கப் பணம்? இறைச்சியை விட்டுவிட்டு, சாப்பாட்டுக்கு அண்ணன் தந்ததில் பாதியை மிச்சம் பிடித்தார்.

பலன் 1722இல் தெரிந்தது. அப்போது அவருக்கு 16 வயது. அண்ணன் நடத்திய ‘நியூ இங்கிலாந்து கூரன்ட்’ பத்திரிகைக்கு, சைலன்ஸ் டூகுட் என்ற விதவைப் பெண்மணியின் பெயரில் கட்டுரை எழுதி, இரவில் அச்சகக் கதவுக்கு அடியில் செருகிவைத்தார். அண்ணனும் நண்பர்களும் படித்துப் பாராட்டினார்கள். எழுதியவர் யார் என்று ஊரில் கல்விக்குப் பெயர்பெற்றவர்களின் பெயர்களையே ஊகமாகச் சொன்னார்கள். அப்படி மொத்தம் 14 கடிதங்கள் வெளியாயின.

● இந்த முறைக்கு ஃபிராங்க்ளினுக்கு முன்பே வேர் உண்டு. இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத்துக்கு ஆசிரியராக இருந்த ரோஜர் ஆஸ்கம் எழுதிய கல்வி நூல், அவர் இறந்தபின் 1570இல் வெளிவந்தது. சிசரோவின் கடிதத்தை மாணவன் லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்க்க வேண்டும். சற்று நேரம் கழித்து, மூலத்தைப் பார்க்காமல் அதையே மறுபடி லத்தீனாக்க வேண்டும். பிறகு ஆசிரியர் சிசரோவையும் மாணவனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறது அந்த நூல்.

● ‘உன் கடிதம் கண்டு மிக மகிழ்ந்தேன்’ என்ற ஒரே செய்தியை நூற்றுக்கும் மேற்பட்ட விதங்களில் எழுதிக் காட்டியவர் எராஸ்மஸ். மாணவர்களின் சொல்வளத்துக்காக 1512இல் வெளியிட்ட பாடநூலில்!

● கிரேக்கப் பேச்சாளர் டெமாஸ்தனிஸ், துசிடிடிஸின் வரலாற்று நூலைத் தம் கையால் எட்டு முறை படியெடுத்தார் என்றொரு மரபுச் செய்தி உண்டு. அதைப் பதிவு செய்த லூசியன் அவருக்குப் பல நூற்றாண்டு பிந்தியவர். லூசியன் இதைச் சொல்லும் இடம் கவனிக்கத்தக்கது. புத்தகங்களை வாங்கி அடுக்குகிற, ஆனால் படிக்காத ஒரு பணக்காரனை அவர் கண்டிக்கிறார்: அந்த எட்டுப் பிரதிகளையே நீ வாங்கி வைத்தாலும் டெமாஸ்தனிஸுக்குக் கிடைத்தது உனக்குக் கிடைக்காது என்பது அவர் வாதம். படியெடுத்த கைக்குத்தான் பலன்.

● சாமர்செட் மாம் முதலில் அலங்கார நடைக்கு ஆசைப்பட்டார். பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய் அபூர்வ ரத்தினங்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டு வந்தார். பின்னால் பயன்படுத்தலாம் என்று. அந்த ஆசை தமக்கு ஒத்துவராது என்று புரிந்ததும் ஜோனதன் ஸ்விஃப்ட் பக்கம் திரும்பினார். ஸ்விஃப்டின் பத்திகளைப் படியெடுத்து, பிறகு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார். சொற்களை மாற்றினார், வரிசையை மாற்றினார். ஸ்விஃப்ட் போட்ட சொல்லும் அது நின்ற இடமும்தான் சரி என்று ஒவ்வொரு முறையும் தெரிந்ததாம். 1938இல் வந்த ‘தி சம்மிங் அப்’ நூலில் இவை அனைத்தையும் மறைக்காமல் சொல்கிறார். எளிய நடை சோம்பேறியின் நடை என்று நினைப்பவர்கள் அந்த அத்தியாயங்களைப் படிக்க வேண்டும்.

● அமெரிக்க எழுத்தாளர் ஜோன் டிடியன், 15, 16 வயதில் ஹெமிங்வேயின் கதைகளைத் தட்டச்சு செய்து பார்த்தார். வாக்கியங்கள் எப்படி வேலை செய்கின்றன என்று அறிய. ஹன்டர் தாம்சனும் ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘தி கிரேட் காட்ஸ்பி’ நாவலை அப்படித் தட்டச்சு செய்தவர்.

● லெர்மன்தவின் ‘தமான்’ கதையைப் பள்ளிக்கூடத்தில் இலக்கணப் பாடம் நடத்துவதுபோல வாக்கியம் வாக்கியமாகப் பகுத்துப் படித்தே எழுதக் கற்றுக்கொள்ளலாம் என்று சொன்னவர் யார்? செகாவ்.

● 1873 மார்ச். மகா பீட்டர் காலத்து நாவல் ஒன்றைத் திரும்பத் திரும்பத் தொடங்கிக் கைவிட்டுக்கொண்டிருந்தார் டால்ஸ்டாய். வீட்டில் கிடந்த புஷ்கினின் உரைநடைத் தொகுதியைப் பலமுறை படித்தவர்தான், மறுபடி புரட்டினார். விருந்தினர்கள் வந்து சேர்வதில் நேராகத் தொடங்கும், முற்றுப்பெறாத ஒரு கதைத் துண்டு அதில் இருந்தது. முன்னுரை இல்லை, வர்ணனை இல்லை. இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று அவருக்குப் பட்டது. உடனே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். அதுதான் ‘அன்னா கரீனினா’. ஆரம்ப வரைவில் விருந்தினர்கள்தான் இருந்தார்கள். உலகம் அறிந்த அந்த முதல் வாக்கியம் பிறகு வந்தது. ‘போரும் அமைதியும்’ நாவலை எழுதி முடித்து உலகப்புகழ் பெறவிருந்த மனிதர், 44 வயதில் இன்னொருவரின் முடியாத கதையிடம் பாடம் கேட்டார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

● மாப்பசானுக்குக் கிடைத்தது உயிரோடு இருந்த ஆசான்: அம்மாவின் பால்ய நண்பர் ஃப்ளோபேர். ஏழு ஆண்டுகள் கவிதை, கதை, நாடகம் என்று மாப்பசான் எழுதிக் குவித்தார். ஃப்ளோபேர் எல்லாவற்றையும் படித்துவிட்டு, அடுத்த ஞாயிறு சாப்பாட்டு வேளையில் குறைகளை விளக்குவார். அப்போது எழுதியவற்றில் எதுவும் மிஞ்சவில்லை என்று மாப்பசானே சொல்கிறார். ஃப்ளோபேர் தந்த பயிற்சி: வாசலில் உட்கார்ந்திருக்கும் ஒரு மளிகைக்காரரை வேறு எந்த மளிகைக்காரரோடும் குழப்ப முடியாதபடி காட்டு, ஒரு வண்டிக் குதிரை முன்னும் பின்னும் வரும் ஐம்பது குதிரைகளிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று ஒரே சொல்லில் சொல். 1880இல் மாப்பசானின் ‘பூல் த சுயிஃப்’ கதை வெளிவந்தது. மாணவர் தேறிவிட்டார் என்று மகிழ்ந்த ஃப்ளோபேர், சில வாரங்களில் காலமானார்.

● ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் சட்டைப்பையில் எப்போதும் இரண்டு புத்தகங்கள் வைத்திருப்பார்: ஒன்று படிக்க, ஒன்று எழுத. பிடித்த நடை கண்ணில் பட்டால் உடனே அதேபோல எழுதிப் பார்ப்பார். சரிவராது, மறுபடி எழுதுவார். ‘ட்ரெஷர் ஐலண்ட்’ கதையின் கிளி ராபின்சன் குரூசோவிடமிருந்தும் எலும்புக்கூடு எட்கர் ஆலன் போவிடமிருந்தும் வந்தவை என்று பின்னாளில் தாமே ஒப்புக்கொண்டார்.

● ஒருவரின் நடை நம்மை விடாமல் பிடித்துக்கொண்டால்? மார்செல் ப்ரூஸ்ட் வழி சொன்னார்: தெரிந்தே ஒருமுறை அப்பட்டமாக அவரைப் போல எழுதித் தீர்த்துவிடு, பிறகு உன் எழுத்தில் தெரியாமல் அவர் நுழைய மாட்டார். செயற்கை வைரம் செய்வதாக ஏமாற்றிய லெமுவான் என்பவரின் வழக்கை, 1908இல் பால்சாக் நடையில், ஃப்ளோபேர் நடையில், மிஷ்லே நடையில் என்று மாற்றி மாற்றி எழுதி ‘ஃபிகாரோ’ நாளிதழில் வெளியிட்டார். தம் பெருநாவலைத் தொடங்கியது அதற்குப் பின்னால்தான்.

● கார்சியா மார்க்கேஸ் 1947இல் பொகோடாவில் சட்ட மாணவர். காஃப்காவின் ‘உருமாற்றம்’ கைக்கு வந்தது. இப்படியும் எழுதலாமா என்று வியந்து கதை எழுத உட்கார்ந்தார், அதே ஆண்டு செப்டம்பரில் அச்சேறியது. 1961இல் மெக்சிகோவில் நண்பர் ஆல்வரோ மூட்டிஸ், ஹுவான் ருல்ஃபோவின் சிறிய நாவல் ‘பெத்ரோ பாராமோ’வைக் கொடுத்து, படித்துக் கற்றுக்கொள் என்றார். அன்றிரவே இரண்டு முறை படித்தார். பின்னர் அது மனப்பாடமே ஆகிவிட்டது. 1967இல் வந்தது ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’.

● தமிழ்ச் சிறுகதையின் தொடக்கங்களில் ஒன்றாகச் சொல்லப்படும் வ.வே.சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ 1915இல் வெளிவந்தது. மரம் கதை சொல்லும் அந்த உத்திக்கு முன்னோடி, 1884இல் தாகூர் எழுதிய, படித்துறை கதை சொல்லும் வங்கச் சிறுகதை.

● மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை செய்யுளை வாயால் சொல்லிக்கொண்டே போவார், மாணவர்கள் ஏட்டில் எழுதுவார்கள். அப்படி எழுதியவர்களில் ஒருவர் உ.வே. சாமிநாதையர். ஒரு செய்யுள் உருவாவதைப் பக்கத்திலிருந்து கேட்டு எழுதும் பேறு எத்தனை பேருக்கு வாய்க்கும்? அந்த நாட்களை ‘என் சரித்திர’த்தில் படியுங்கள்.

● மொழிபெயர்ப்பும் ஒரு பள்ளிக்கூடம்தான். க.நா. சுப்ரமண்யம் தமிழுக்குக் கொண்டுவந்த ‘மதகுரு’, ‘நிலவளம்’, ‘அன்பு வழி’ மூன்றையும் எழுதியவர்கள் நோபல் பரிசு பெற்றவர்கள்: செல்மா லாகர்லெவ், நட் ஹாம்சன், பேர் லாகர்குவிஸ்ட்.

எழுத ஆசைப்படும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதுமைப்பித்தனோ கு. அழகிரிசாமியோ தி. ஜானகிராமனோ, உங்களுக்குப் பிடித்தவரின் ஒரே ஒரு பக்கத்தை இந்த வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். வாக்கியத்துக்கு ஒரு குறிப்பு எழுதி, புத்தகத்தை மூடிவிடுங்கள். நாலு நாள் கழித்து குறிப்புகளை வைத்து எழுதுங்கள், பிறகு மூலத்தைத் திறந்து ஒப்பிடுங்கள். அவர் போட்ட எந்தச் சொல் உங்களுக்குத் தோன்றவே இல்லை என்பதை அடிக்கோடிட்டு வையுங்கள். அடுத்த பக்கத்துக்குப் போங்கள்.