பழி யார் மீது? - கன உலோகமும் குழந்தைப் பேறும்



மணமாகி ஆண்டுகள் கடந்தும் மழலை பிறக்காவிட்டால், நம் வீடுகளில் முதற்பழி பெண்மீதே விழுகிறது. கணவர் பேட்டரிப் பட்டறையிலோ உலோகம் உருக்கும் இடத்திலோ பணிபுரிபவரா என்று எவரும் கேட்பதில்லை. ஈயமும் காட்மியமும் விந்தணுக்களைக் கெடுக்கவல்லவை. தாயின் இரத்தத்திலுள்ள ஈயம் கருவிலுள்ள சிசுவையும் சென்றடையும்.

இதற்கு மாற்று உண்டா? வடலூர்ப் பகுதி மாணவர்கள் நன்கறிந்த சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இக்கேள்வி ஆராயப்பட்டுள்ளது. பூண்டில் உள்ள கந்தகச் சேர்மம் ஒன்று, காட்மியம் எலிகளின் விந்தகத்தில் விளைவிக்கும் சேதத்தைக் குறைத்ததாக 2011-இல் வெளியான அவ்வாய்வு கூறுகிறது.

இதன் அடுத்த படியே தாவர நானோ துகள்கள். ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் 100 கோடியில் ஒரு பங்கு. இலைச்சாற்றுடன் துத்தநாகம், செலினியம் போன்றவற்றின் உப்புக்கரைசலைச் சேர்த்து இத்துகள்களை உருவாக்குகின்றனர். எலிகளிடம் நற்பலன் தெரிகிறது. ஆயினும் மனிதரிடம் இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை. அளவு மிஞ்சினால் துகள்களே தீங்கு செய்யலாம். எனவே, 'நானோ மருந்து' என்று எவரேனும் விற்றால் வாங்கி உண்ணாதீர்கள்.

இன்று நம் கையிலுள்ள காப்பு எளியது. பட்டறை உடையுடன் வீட்டினுள் நுழையாதீர்கள். புகையிலையில் காட்மியம் உண்டு, அதனை விடுங்கள். ஈயம் கலந்த சுர்மாவைத் தவிருங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்தே மருத்துவரிடம் செல்லுங்கள்; செய்யும் தொழிலை மறவாமல் சொல்லுங்கள். இரத்தத்தில் ஈய அளவைக் கண்டறியும் சோதனை உண்டு. பழி சுமத்துமுன் அதனைச் செய்து பார்ப்பதே நீதியன்றோ?