கிழக்கே பார்க்கும் இருவர்

"கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான்" என்று நம் நாட்டில் ஒரு பழமொழி வழங்குகிறது. மாணவ நண்பர்களில் சிலர் இதனைத் தம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கலாம். வயலில் வேலை செய்பவன், கதிரவன் எப்போது மேற்கே சாய்வான், கூலி பெற்று வீடு திரும்பலாம் என்று பார்த்திருப்பான். இரவு முழுவதும் ஆடிப் பாடுகிற கூத்தாடியோ, கிழக்கு எப்போது வெளுக்கும், வேடத்தைக் கலைக்கலாம் என்று பார்த்திருப்பான். ஒருவனுக்குப் பகலில் உழைப்பு. மற்றவனுக்கு இரவில் உழைப்பு. பகலில் உழைத்தவன் இரவில் வந்து அமர்ந்ததனால்தான் கூத்து நடந்தது.

நான் வாழ்கின்ற ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் இப்பழமொழியின் பொருள் இன்று மாறிவிட்டது. இராமாநுசர் அவதரித்த தலம் என்றும், ஏரிப் பாசனத்தால் நெல் விளையும் நிலம் என்றும் அறியப்பட்டிருந்த பகுதி இது. 1998ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை கார்களை உற்பத்தி செய்யத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிஸ்ஸான் ஆலையும், 2013இல் அங்கேயே ராயல் என்ஃபீல்டு ஆலையும் இயங்கத் தொடங்கின. 2024ஆம் ஆண்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கான விடுதி திறக்கப்பட்டது என்றால், இங்கே உழைக்க வருவோரின் தொகையை நீங்களே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

இத்தகைய ஆலைகள் பலவற்றில் இயந்திரங்களுக்கு உறக்கம் இல்லை. தொழிலாளர்கள் ஷிப்டு முறையில் மாறி மாறி வேலை செய்கிறார்கள். இரவு ஷிப்டு பெரும்பாலும் பத்து மணியளவில் தொடங்கி விடியற்காலை ஆறு மணியளவில் முடிகிறது. விடிய விடிய நடக்கும் கூத்துக்கும் ஏறத்தாழ அதே எட்டு மணி நேரந்தான்! ஆகவே இன்று கூத்தாடியும் கிழக்கே பார்க்கிறான். கூலிக்காரனும் கிழக்கே பார்க்கிறான். இருவரும் ஒரே இரவில் உழைத்தால், கூத்தைப் பார்ப்பவர் யார்? இதுவே இன்று நான் உங்கள்முன் வைக்க விரும்பும் கேள்வி.

முதலில் கூத்து என்பது யாது என்று சிறிது அறிந்துகொள்வோம். வட தமிழ்நாட்டில் இதனைத் தெருக்கூத்து என்பார்கள். கட்டைக்கூத்து என்றும் சொல்வார்கள். எப்பெயர் பொருத்தமானது என்பதைப்பற்றி அறிஞர்களிடையே வழக்கு உண்டு. கட்டை என்பது வேடக்காரர்கள் அணியும் கிரீடம், புஜகீர்த்தி, மார்பதக்கம் முதலிய மர அணிகளைக் குறிக்கும். கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் இவற்றைச் செதுக்குவார்கள். ஹார்மோனியம், மிருதங்கம், டோலக், முகவீணை, தாளம் ஆகியவை இசைக்கருவிகள். முகவீணை என்பது பெயரில்தான் வீணை. உண்மையில் அது நாகசுரத்தின் தம்பியைப் போன்ற சிறிய ஊதுகருவி. அதன் கூரிய ஒலி நள்ளிரவில் ஊர் எல்லைவரை கேட்கும்.

கோடைக் காலத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரத விழா நடைபெறும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. வேடக்காரன் முதலில் திரைக்குப் பின்னே நின்று பாடுவான். திரையின்மேல் கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும். கட்டியங்காரன் அவனை வரவேற்று, கேள்வி கேட்டு, கேலியும் செய்வான். வேடக்காரன் ஓர் அடியைப் பாட, பின்பாட்டுக்காரர்கள் அதனை வாங்கித் திரும்பப் பாடுவார்கள். முகவீணை அதற்கு மெருகேற்றும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கூத்தில் பார்ப்பவர் வாளா இருப்பவர் அல்லர். அர்ச்சுனன் தபசு நடக்கும் இரவில், உயர்ந்த கம்பத்தின்மேல் வேடக்காரன் பாடிக்கொண்டே ஏறுவான். அங்கிருந்து அவன் வீசும் எலுமிச்சம் பழத்தையும் வில்வத்தையும் கீழே நிற்பவர்கள் மடியேந்திப் பெறுவார்கள். துகிலுரிதல் நடக்கும் இரவில் கற்பூரம் ஏற்றி வணங்குவாரும் உண்டு. பதினெட்டாம் போருக்குத் துரியோதனனின் உருவத்தை மண்ணால் மிகப் பெரிதாகச் சமைத்துப் படுகளம் அமைப்பார்கள். அன்று ஊரே போர்க்களம் ஆகிவிடும். கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆயினும் இன்றைய கர்ணன் எப்படிப் பாடப் போகிறான் என்பது எவருக்கும் தெரியாது. கூட்டம் ஊன்றிக் கேட்டால் வேடக்காரன் ஒரு பாட்டுக்கு இரண்டு பாட்டாகப் பாடுவான். கூட்டம் சோர்ந்தால் சுருக்கிக்கொள்வான். அந்த இரவின் கூத்தை ஆடுபவரும் பார்ப்பவரும் சேர்ந்தே ஆக்குகிறார்கள்.

நேரில் கேட்பவனுக்குக் கலையில் பங்கு உண்டு என்பது நம் நாட்டுக்கு மட்டும் உரிய உண்மையன்று. அமெரிக்காவில் பாப் டிலன் என்னும் பாடகர் சாதாரணக் கிதாரும் மவுத்தார்கனும் கொண்டு நாட்டுப்பாடல் மரபில் பாடிப் புகழ் பெற்றார். 1965 ஜூலை 25 அன்று நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் அவர் மின்சாரக் கிதாருடன், முழங்கும் பக்கவாத்தியங்களோடு பாடினார். கேட்டவர்களில் ஒரு சாரார் கூச்சலிட்டு எதிர்த்தார்கள். ஃபோக் ராக் என்னும் புதிய இசை இத்தகைய சலசலப்புக்கிடையேதான் வளர்ந்தது. அடுத்த ஆண்டு மே 17 அன்று இங்கிலாந்திலுள்ள மான்செஸ்டர் நகரில் ரசிகர் ஒருவர் அவரை நோக்கி, ஏசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸின் பெயரைச் சொல்லிக் கத்தினார். அந்நிகழ்ச்சியின் ஒலிப்பதிவு 1998இல் முறையாக வெளிவந்தபோது அந்த ஒற்றைக் குரலும் அதில் இடம்பெற்றது. ரசிகரின் கோபமும் அந்த இசையின் ஒரு பகுதி ஆகிவிட்டது! அன்று ஏச்சுக் கேட்ட டிலனுக்கே 2016ஆம் ஆண்டு இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

புதுக்கருவி வந்தால் பழங்கலை கெட்டுவிடும் என்று அஞ்சுவோர் எங்கும் உண்டு. ஹார்மோனியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அது 19ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் உருவான கருவி. நம் சங்கீதத்துக்கு ஒவ்வாதது என்று கருதி அகில இந்திய வானொலியே 1940இல் அதற்குத் தடை விதித்தது. 1971இல்தான் அத்தடை தளரத் தொடங்கியது. கூத்து மேடையோ அந்த அயல்நாட்டு விருந்தினனை வீட்டுப் பிள்ளையாக்கிக்கொண்டது. ஹார்மோனியம் இல்லாத கூத்தை இன்று எண்ணிப் பார்க்கவும் இயலவில்லை. அவ்வாறே, 2018 ஜனவரி 6 அன்று சென்னையில் முதன்முதலாக மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவினர் கானாவையும் பறையையும் ராக் இசையோடு இணைத்துப் பாடினார்கள். அவர்களைக் கேட்க இளைஞர்கள் திரண்டார்கள். ஆகவே, மாற்றத்தினால் கலை அழிவதில்லை. கேட்பார் இன்றிப் போனால்தான் அழியும்.

அந்த ஆபத்துத்தான் எங்கள் வட்டாரத்தில் இருக்கிறது. கூத்துக் குழுவினருக்குப் பெரும்பாலான வருவாய் விழாக் காலத்திலேயே கிடைக்கிறது. பதினெட்டு இரவு நடந்த கூத்தை மூன்று இரவாகக் குறைத்தால், பதினைந்து இரவுகளின் ஊதியம் போய்விடும். கலைஞனின் மகனும், மாதந்தோறும் சம்பளம் தரும் ஆலையை நாடுகிறான். அவனைக் குறை கூற எவருக்கும் உரிமை இல்லை. காஞ்சிபுரத்தில் 1990ஆம் ஆண்டு பெ. இராஜகோபால், ஹன்னே டி புருயின் முதலியோர் கட்டைக்கூத்துச் சங்கத்தை நிறுவினார்கள். அச்சங்கத்தார் 2002இல் புஞ்சை அரசந்தாங்கல் என்னும் சிற்றூரில் ஒரு குருகுலம் தொடங்கி, சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் பள்ளிப் படிப்போடு கூத்தையும் கற்பித்தார்கள். ஆண்களே ஆடி வந்த கூத்தில் பெண் பிள்ளைகள் பயிற்சி பெற்று மேடையேறியது பெரிய மாறுதல். அக்குருகுலம் 2020இல் மூடப்பட்டது. ஆயினும் அங்கே கற்றவர்கள் இருக்கிறார்கள். கலை அவர்களிடம் இருக்கிறது.

நான் அறிந்த இளைஞர் ஒருவரைப்பற்றிச் சொல்கிறேன். அவர் உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றில் பணிபுரிகிறார். விழாக் காலத்தில் கட்டியங்காரன் வேடம் கட்டுகிறார். கூத்து நடக்கும் நாளில் தமக்கு இரவு ஷிப்டு வந்துவிட்டால் என்ன செய்வார்? உடன் பணிபுரியும் நண்பர் ஒருவர் தம் பகல் ஷிப்டை அவருக்குக் கொடுத்துவிட்டு, இரவு ஷிப்டைத் தாம் ஏற்றுக்கொள்கிறார். அந்த நண்பர் வேற்று மாவட்டத்தவர். ஒருநாள் தற்செயலாகக் கூத்துப் பார்த்து ரசிகரானவர். "நீங்கள் கூத்தைப் பார்க்க முடியாமற் போகிறதே" என்று நான் அவரிடம் கேட்டேன். "நான் பார்க்காவிட்டால் என்ன ஐயா, அவர் ஆட வேண்டும் அல்லவா?" என்றார். ரசிகன் என்பதற்கு இதைவிடச் சிறந்த விளக்கத்தை நான் எந்த நூலிலும் கண்டதில்லை.

மாணவ நண்பர்களே! வானொலியில் பேசிக்கொண்டே, நேரில் போய்க் கேளுங்கள் என்று சொல்வது வேடிக்கையாகத் தோன்றலாம். வானொலி இசையை வீட்டுக்குக் கொண்டுவரும். ஆனால் நீங்கள் தலையசைப்பதைப் பாடகரிடம் கொண்டுசேர்க்க அதனால் இயலாது. உங்கள் ஊருக்கு அருகில் கூத்து நடந்தால் ஓர் இரவாவது சென்று அமருங்கள். அன்றைய கதையை முன்னரே ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் படம் பிடிப்பதைச் சிறிது நேரத்துடன் நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். நள்ளிரவில் எழுந்து போய்விடாதீர்கள். கூத்தின் நல்ல பாட்டுகள் பல அதற்குப் பின்னரே வரும். பொழுது விடிந்ததும் வேடம் கலைக்கும் இடத்துக்குச் சென்று, பாடியவரிடம் எந்தப் பாட்டு உங்களுக்குப் பிடித்தது என்று சொல்லிவிட்டு வாருங்கள். எட்டு மணி நேரம் பாடியவருக்கு அந்த ஒரு சொல்லும் கூலியில் சேர்ந்ததுதான்.