‘ஹாய் சார், வேலை இருக்கா?’.. லிங்க்ட்இனில் பதில் வராதது ஏன்? ராமானுஜன் கடிதம் சொல்லும் பாடம்!

வடசேரி பேருந்து நிலையத்தில் இரவு நேரம் சென்னை பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களில் வேலை தேடிப் போகும் பட்டதாரிகளும் இருப்பார்கள். பையில் பயோடேட்டா, செல்போனில் லிங்க்ட்இன். முன்பின் தெரியாத 50 மேலாளர்களுக்கு ‘ஹாய் சார், எனி வேகன்சி?’ என்று ஒரே மெசேஜை அனுப்பியிருப்பார்கள். ஒருவரிடமிருந்தும் பதில் இருக்காது. ‘நமக்கு அங்க ஆள் இல்ல, அதான்’ என்று பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அங்கே ஆள் தேவையா? தெரியாதவரிடம் எப்படிப் பேசுவது? விரிவாகப் பார்க்கலாம்.

தெரியாதவர் எப்படி உதவுவார்?

அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், ‘அந்த நபரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள்?’ என்று கேட்டிருந்தார். அடிக்கடி சந்திப்போம் என்றவர்கள் 17 சதவீதத்துக்கும் குறைவு. மற்றவர்களுக்கு எப்போதாவது பார்க்கும் ஆட்கள்தான் கைகொடுத்திருந்தார்கள். காரணம் எளிது. நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்த வேலை பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்து அறிமுகம் உள்ளவர்தான் புதுத் தகவல் கொண்டுவருவார்.

2 கோடிக்கும் மேற்பட்ட லிங்க்ட்இன் பயனாளர்களை 5 ஆண்டுகள் ஆராய்ந்து, 2022-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வும் இதையே உறுதி செய்தது. வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவியவர்கள் மிக நெருக்கமானவர்கள் அல்ல, ஓரளவு அறிமுகம் உள்ளவர்களே.

ராமானுஜன் என்ன செய்தார்?

1913 ஜனவரி 16. சென்னை துறைமுகக் கழகத்தில் கிளார்க்காக இருந்த கணிதமேதை ராமானுஜன், கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். இருவருக்கும் எந்த அறிமுகமும் கிடையாது. அதற்கு முன் வேறு கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர்களுக்கு எழுதியதில் பலன் கிடைக்கவில்லை.

கடிதத்தில் 4 விஷயங்கள் இருந்தன. தான் யார், என்ன சம்பளம், பட்டம் பெறாதவர் என்பதை மறைக்காமல் சொன்னார். ஹார்டி எழுதிய நூலில் ஒரு குறிப்பிட்ட பக்கத்தைச் சுட்டி, அதில் உள்ள ஒரு கேள்விக்குத் தன்னிடம் விடை இருப்பதாக எழுதினார். சுமார் 120 தேற்றங்களைச் சேர்த்து அனுப்பினார். கடைசியாக ஆலோசனை கேட்டார். வேலை கேட்கவில்லை.

பிப்ரவரி 8-ம் தேதி ஹார்டி பதில் எழுதினார். 1914 மார்ச்சில் ராமானுஜன் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். எல்லோரும் ராமானுஜன் ஆக முடியாது. ஆனால் அந்தக் கடிதத்தின் அமைப்பை எல்லோரும் பின்பற்றலாம்.

மெசேஜ் எப்படி இருக்க வேண்டும்?

நாஞ்சில் நாட்டில் ‘எந்த ஊரு, யாருக்க மவன்?’ என்று கேட்ட பிறகுதான் பேச்சே தொடங்கும். மெசேஜின் முதல் வரியும் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஒரே கல்லூரி, ஒரே ஊர், ஒரே துறை என எது பொதுவோ, அதைச் சொல்லுங்கள். பிறகு அவருடைய பதிவையோ பணியையோ குறிப்பிடுங்கள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி.

உதாரணம்:

‘வணக்கம் மேடம். நாகர்கோவில் இந்துக் கல்லூரியில் பி.காம் முடித்தேன். நீங்களும் அங்கே படித்ததாகப் பார்த்தேன். ஜிஎஸ்டி பற்றிய உங்கள் பதிவு பயனுள்ளதாக இருந்தது. எனக்கு டேலி தெரியும். இந்தத் துறைக்கு வர அடுத்து எதைக் கற்கலாம்? நேரம் இருக்கும்போது 2 வரி சொன்னால் போதும். நன்றி.’

படிக்க அரை நிமிடம்கூட ஆகாது. பதில் சொல்வதும் எளிது. லிங்க்ட்இன் அழைப்புடன் சேர்க்கும் குறிப்புக்கு அதிகபட்சம் 300 எழுத்துகள்தான், இலவசக் கணக்குகளுக்கு அதைவிடக் குறைவு. எனவே அழைப்பில் முதல் 2 வரியை மட்டும் அனுப்பி, அவர் ஏற்றுக்கொண்ட பிறகு கேள்வியைக் கேட்கலாம்.

எதைச் செய்யக் கூடாது?

* முதல் மெசேஜிலேயே பயோடேட்டா அனுப்புவது

* பெயரை மட்டும் மாற்றி எல்லோருக்கும் ஒரே மெசேஜை அனுப்புவது

* படிக்காத பதிவைப் படித்ததாகப் புகழ்வது. அவர் ஒரு கேள்வி கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள்!

* ‘எப்படியாவது ஒரு வேலை வாங்கித் தாங்க’ என்று கெஞ்சுவது

பதில் வரவில்லை என்றால்?

ஒரு வாரம் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவருக்கு எழுதுங்கள். பதில் வந்தால் நன்றி சொல்வதோடு நிறுத்தாமல், அவர் சொன்னதைக் கற்றுக்கொண்ட பிறகு அதையும் தெரிவியுங்கள். உங்கள் பெயர் அவர் நினைவில் நிற்பது அப்போதுதான்.

ஒரு எச்சரிக்கை: வேலை உறுதி என்று சொல்லி யாராவது முன்பணமோ ஓடிபியோ கேட்டால், அது மோசடி. பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

இன்றிரவே 50 பேருக்கு அனுப்ப வேண்டாம். உங்கள் கல்லூரி சீனியர் ஒருவரைத் தேடி, அவருக்கு மட்டும் 5 வரி எழுதிப் பாருங்கள்.